இழவு விழுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்

போன சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய தை மாதம் அது. கள்ளக்குறிச்சியில் சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சவாரி இல்லாமல் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில், எங்கள் பகுதி அரசியல் பெண்மணி ஒருவரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய டிரைவர் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாராம். தேர்தல் முடியும் வரை வண்டியோடு வர முடியுமா என்று கேட்டார்கள். வாடகை என்ன என்று கேட்பதற்கு முன்பே சரி என்று தலையாட்டிவிட்டேன். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

நான் தலையாட்டியதற்குக் காரணம் உண்டு. அந்த அம்மாவைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். பக்கத்திலேயே இருந்து பார்த்தால் தீர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அடுத்தவர் விஷயத்தை நோண்டும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை மறைப்பானேன்.

சந்தேகம் இதுதான். அதற்குச் சில வருடங்கள் முன்பு என் அப்பா இறந்துபோனார். சங்கராபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா கரும்பு போட்டுப் பிழைத்தவர், எந்தக் கட்சியிலும் இல்லாதவர். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு சாமியாருக்காகக் காத்திருந்தோம். அப்போது தெருமுனையில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய இந்த அம்மா, அங்கிருந்தே இரண்டு கையையும் விரித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார். நேராகப் போய் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, மூக்கு சிவந்து முந்தானை நனைகிற அளவுக்கு அழுதார். அப்பாவை அவர் ஒரு முறைகூடப் பார்த்தது கிடையாது.

அவர் போன பிறகு என் சித்தப்பா, "இன்னாமா நடிக்குது பாத்தியா" என்றார். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லுப் போல உட்கார்ந்திருந்த என் அம்மா, அந்த அம்மா கட்டிப்பிடித்த பிறகுதான் வாய்விட்டு அழுதாள். நடிப்பைப் பார்த்து நிஜ அழுகை வருமா? இதுதான் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

அவரை இங்கே அக்கா என்றே சொல்கிறேன். ஊரே அப்படித்தான் கூப்பிடும். திருக்கோவிலூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் கட்சியில் இருந்தார். ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, "நீ பேருக்கு நில்லு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று அக்காவை நிறுத்திவிட்டார். அக்கா ஜெயித்தார். ஆனால் கூட்டம் நடக்கும்போது தலைவர் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பார். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்தில் யாரையும் கேட்காமல் அவர் கிளம்பிப் போகக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்ததாம். இழவு வீடு.

ஒரு நாள் காரில் போகும்போது அவரே சொன்னார். "எழவு வூட்டுக்குப் போவாதன்னு எந்த ஆம்பளையும் சொல்ல மாட்டான் தம்பி. அங்க போனா நாலு தெரு பொம்பளைங்களும் இருப்பாங்க. மொதல்ல கொஞ்ச நேரம் அழுவோம். அப்புறம் மூக்கச் சிந்திக்கினு ஒருத்தி, குழாய்ல தண்ணி வர்லன்னு சொல்லுவா. இன்னொருத்தி, பென்சன் நின்னு போச்சின்னு சொல்லுவா. எல்லாத்தையும் காதுல வாங்கிக்கினு வந்து, மறுநாளு அந்தந்த ஆபீசு வாசல்ல போய் நிப்பேன். எனக்கு எழவு வூடுதான் ஆபீசு."

அடுத்த தேர்தலில் வீட்டுக்காரர் வேறு ஆளை நிறுத்தப் பார்த்தபோது பெண்கள் விடவில்லை. அப்படியே படிப்படியாக ஒன்றியக் கவுன்சிலராகி, ஒன்றியக்குழுத் தலைவரும் ஆகிவிட்டார். வீட்டுக்காரர் பின்னால் உடம்பு முடியாமல் போய்ச் சேர்ந்தார். நான் வண்டி ஓட்டப் போன நேரத்தில், அக்கா எம்.எல்.ஏ. சீட்டுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். அதே கட்சியில் ரைஸ் மில் வைத்திருக்கும் ஒருவரும் அதே சீட்டைக் கேட்டார். இருபது வருட உழைப்புக்கு இதுதான் பலன் கிடைக்கும் நேரம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். "இந்தத் தபா இல்லன்னா எப்பவும் இல்ல தம்பி. எனக்கும் வயசாவுது" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தால், கல்யாணமும் காதுகுத்தும் கம்மி, இழவுதான் ஜாஸ்தி. டிக்கியில் எந்த நேரமும் இரண்டு ரோஜா மாலை ஈரத்துணியில் சுற்றித் தயாராக இருக்கும். நான் மாலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். அக்கா அழுவார், விசாரிப்பார், வெளியே வருவார். காரில் ஏறியதும் முகத்தைத் துடைத்து, பிளாஸ்க்கில் இருக்கும் வெந்நீரைக் குடித்துவிட்டு, ஒரு பிடி வறுகடலையை வாயில் போட்டுக்கொண்டு, "அடுத்து எங்க தம்பி?" என்பார். நான் கண்ணாடியில் அவர் கண்ணையே பார்ப்பேன். சிவந்துதான் இருக்கும். கடலையும் மென்றுகொண்டுதான் இருப்பார். எதை நம்புவது என்று எனக்குப் புரியாது.

அன்று கச்சிராயபாளையத்தில் ஒரு கடைத் திறப்பு விழா. முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவுக்கு போன் வந்தது. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஓர் ஊரின் கிளைச் செயலாளர் பேசினார். அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி தவறிவிட்டார் என்றார். அந்த அம்மா கை காட்டுகிற பக்கம்தான் சுற்றுப்பட்டுப் பெண்கள் ஓட்டுப் போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ரைஸ் மில்காரர் கார் கரியாலூரில் நிற்கிறது, அவர் முந்திக்கொள்வதற்குள் வந்துவிடுங்கள் என்றும் செயலாளர் சொன்னார். அக்கா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மலை ஏற ஆரம்பித்த பிறகு இன்னொரு முறை செயலாளரைப் போனில் பிடித்து, இறந்தவரைப் பற்றி அக்கா விவரம் கேட்டுக்கொண்டார். நாலு பிள்ளைகள், காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்று எல்லாரையும் ஆளாக்கியவர். அதற்குள் டவர் போய்விட்டது. வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, அக்கா பின் சீட்டில் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். காது கொடுத்தால், ஒப்பாரி. வரிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி படித்துக்கொண்டு போகிறாரே, சித்தப்பா சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தினேன். தூரத்தில் ஒரு வாசலில் கூட்டம். பலா மரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதைச் சுற்றிப் பெண்கள். கிளைச் செயலாளர் எதிரே ஓடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அக்கா வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். நான் பெரிய மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"கடுக்கா பொறுக்கி வித்து, நாலு புள்ள ஆளாக்கி, கண்ண மூடிப் போனவளே…" என்று அக்காவின் குரல் அந்த மலையில் மோதித் திரும்பி வந்தது.

வாசலில் இருந்த பெண்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தி அழுதுகொண்டு வந்தால் சேர்ந்து அழ வேண்டும் என்பது பழக்கம். ஓரமாக இருந்த இரண்டு பேர் ஆரம்பித்தார்கள், உடனே எல்லாரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கையில் பால் கிண்ணத்தோடு வெளியே ஓடி வந்து, "அம்மா" என்று அலறி, கட்டிலில் விழுந்தாள். அது மகள். நான் மாலையோடு கட்டிலுக்கு அருகில் போய்விட்டேன். போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கட்டிலில் இருந்த உருவம் கண்ணைத் திறந்தது.

அந்த அம்மாவின் உதடு அசைந்தது. மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில், மெல்ல, ஆனால் தெளிவாக வந்தது.

"நாலு இல்ல… மூணு."

அழுகை அப்படியே நின்றது. அந்த அம்மா மறுபடியும், "எனுக்கு மூணு புள்ளைங்க தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

மகளுக்கு நிலைமை புரிய ஒரு நிமிடம் ஆனது. எழுந்தாள். என் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசி எறிந்தாள். "உசுரோட இருக்கறவளுக்கு மாலையா? எப்ப சாவா எப்ப சாவான்னு பாத்துக்கினே இருந்தீங்களா?" என்று அக்காவின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஓரமாக நின்ற இளைஞர்கள் சிலர் போனைத் தூக்கி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா திரும்பி கிளைச் செயலாளரைப் பார்த்தார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "கார்த்தாலயே பால் ஊத்த ஆரம்பிச்சிட்டாங்கக்கா. நீங்க மலையேறி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்னு நெனச்சேன். அந்தாளு வேற கரியாலூருக்கு வந்துட்டான். நீங்க லேட்டாப் போயிடக் கூடாதேன்னு தான்…"

உயிர் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்றுவது வழக்கம். நல்லபடியாகப் போகட்டும் என்பதற்காக. அதைப் பார்த்ததும் நம் ஆள் முந்திக்கொண்டுவிட்டார். கட்சி விசுவாசம் ஒரு மனிதனை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வேறு யாராவது என்றால் அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியேறியிருப்பார்கள். நானும் சாவியைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அக்கா நகரவில்லை. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாவின் நெற்றியில் கை வைத்தார். "எத்தினி நாளா காய்ச்சல்?" என்று மகளிடம் கேட்டார். பக்கத்துப் பெண் சொன்னாள்: காய்ச்சலும் இருமலுமாக ஒரு வாரம், கீழே கொண்டுபோகச் சொன்னார்கள், கைமருந்திலேயே சரியாகிவிடும் என்று நாள் ஓடிவிட்டது, நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. இன்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது ஒரு பிரசவத்துக்காக மலையின் மறுபக்கம் போயிருக்கிறது.

"புள்ளைங்க கணக்கு தப்புன்னு சொல்ற பொம்பள இப்ப சாவ மாட்டா" என்றார் அக்கா. "வண்டியில ஏத்துங்க. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "பால் ஊத்தியாச்சிம்மா. நடுவழியில போயிட்டா அவ ஆவி எங்க நிக்கும்? சொந்த வாசல்ல, சொந்தக்காரங்க மத்தியில போவட்டும். வுட்டுடுங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னார்.

கிளைச் செயலாளர் அக்காவின் காதருகில் குனிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. "அக்கா, வேணாங்க்கா. வண்டியில ஏதாவது ஆயிடுச்சின்னா நாமதான் கொன்னுட்டோம்னு சொல்லுவாங்க. எல்லாரும் வீடியோ எடுத்துக்கினு கீறானுங்க. சீட்டு குடுக்கற நேரம்."

அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். எனக்குத் தெரிந்து அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வண்டியைப் பார்த்தார். போன்களைப் பார்த்தார். செயலாளர் சொன்னது உண்மை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு மகளின் கையைப் பிடித்தார்.

"நான் வந்தது தப்பு தான். கும்பிட்டுக் கேக்கறேன், மன்னிச்சிக்கோ. ஆனா இப்ப வண்டி நிக்குது. உன் அம்மா, நீ சொல்லு. தூக்கட்டுமா, வேணாமா?"

மகள் பெரியவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கட்டிலடியில் விழுந்து கிடந்த பால் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "தூக்குங்க" என்றாள்.

படம் பிடித்த இளைஞர்கள்தான் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு முதலில் ஓடி வந்தார்கள். கட்டிலோடு தூக்கி வந்து, பின் சீட்டில் படுக்க வைத்தோம். தலை அக்காவின் மடியில். கால் மகளின் மடியில். செயலாளர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அந்த மலைப்பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அன்று ஓட்டிய மாதிரி ஒரு நாளும் ஓட்டியதில்லை. வேகமாகப் போனால் வளைவில் நோயாளி உருண்டுவிடுவார். மெதுவாகப் போனால் மூச்சு நின்றுவிடும். ஜெபம் செய்துகொண்டே ஓட்டினேன்.

பாதி இறங்கியிருப்போம். பின்னால் மகள் பதறும் குரல் கேட்டது: "அம்மா கண்ணு தொறக்க மாட்டேங்குது." அக்கா கன்னத்தைத் தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாத, ஓட்டு" என்றார் அக்கா. பிறகு ஒரு காரியம் செய்தார். சத்தம் போடாமல், தாலாட்டுப் பாடும் குரலில், ஒப்பாரியை மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஒம்பது காணி நெலத்த ஒத்தையில உழுதவளே…"

அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைத்தேன். மகளும் கையை ஓங்கிவிட்டாள். அதற்குள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது.

"ரெண்டு காணி…"

அக்கா விடவில்லை. "ஆறு எருமை வச்சிப் பால் கறந்து வித்தவளே…"

கொஞ்ச நேரம் ஆனது. "எருமை இல்ல. ஆடு."

அவ்வளவுதான். மகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே அவளும் சேர்ந்துகொண்டாள். பிறந்த ஊரை மாற்றிச் சொன்னார்கள், புருஷன் பேரை மாற்றிச் சொன்னார்கள், குழுவுக்கு அந்த அம்மா தலைவியே இல்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா எங்கிருந்தோ மூச்சைத் திரட்டிக்கொண்டு வந்து திருத்தினார். தலைவி இல்லை என்றதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. கடைசியாக மகள், தன் புருஷனை வைத்தே, "எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசன்" என்று பாட்டாகவே எடுத்துவிட்டாள். ரொம்ப நேரம் பதிலே இல்லை. கோமுகி அணையைத் தாண்டும்போது, "குடிகாரன்" என்றது குரல். மகள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன்.

கண்ணாடியில் ஒரு முறை அக்காவையும் பார்த்தேன். அவ்வளவு ஒப்பாரிக்கும் அவர் கண்ணில் ஒரு துளி நீர் இல்லை. கை மட்டும் அந்த அம்மாவின் நெற்றியை விடாமல் தடவிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றிவிட்டது, ஆனாலும் தேறிவிடுவார் என்று தோன்றுகிறது என்றார் டாக்டர். மகள் உள்ளேயே இருந்துவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் நானும் அக்காவும் டீ வாங்கிக் குடித்தோம். சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கேட்டேவிட்டேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எழவு வூட்ல நீங்க அழுவறது நெசமா, இல்ல சும்மாவா?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். டீயை ஊதிக்கொண்டே யோசித்தார்.

"மொத ரெண்டு வரி சும்மா தான் தம்பி. அது அரசியலு. மூணாவது வரிக்கு எங்கம்மா வந்துடும்."

பிறகு அவரே சொன்னார். முதல் முறை ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்த நாளில், ஓட்டு எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, திருக்கோவிலூரில் அவருடைய அம்மா இறந்துபோனார். செய்தி வந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை முடியவில்லை. நடுவில் எழுந்து போனால் ஏதாவது செய்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் விடவில்லை. ஜெயித்ததும் மாலை போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள், ஊர்வலம் போனார்கள். கையைக் கூப்பிச் சிரித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அன்னிக்கி அழுவறதுக்கு நேரம் கெடைக்கல. அத்ததான் இன்னும் கொஞ்சம் கொஞ்சமா அழுதுக்கினு கீறேன். ஊர்ல எங்க எழவு விழுந்தாலும் அங்க போய் எங்கம்மாவுக்கு அழுதுட்டு வர்றேன். ஓட்டும் வருது. எது எதுக்காகன்னு இப்ப பிரிக்கச் சொன்னா எனக்கே தெரியல."

அப்படியென்றால் என் அப்பாவின் பெட்டிக்கு முன்னால் அவர் அழுதது அவருடைய அம்மாவுக்காக. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று அவரைக் கட்டிக்கொண்டு அழுத என் அம்மாவும், அப்பாவுக்காக மட்டும்தான் அழுதாளா என்பது யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்துவிட்டது. அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டு வருகிறார், பின்னால் நான் மாலையோடு அசடு மாதிரி வருகிறேன், கட்டிலில் கண் திறக்கிறது, மகள் மாலையை வீசுகிறாள். அத்துடன் வீடியோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எடுக்க ஆளில்லை, எடுத்தவர்கள் எல்லாரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் அல்லவா. சிரிக்கிற பாட்டைச் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். என் மச்சான் எலவனாசூர்கோட்டையிலிருந்து போன் போட்டு, "மாமா, நீ சினிமாவுல நடிக்கறியாமே" என்று கேலி செய்தான்.

குழுத்தலைவி தேறிவிட்டார். வார்டுக்கு மாற்றிய பிறகு கிளைச் செயலாளருக்கு ஒரு யோசனை. அந்த அம்மாவையே பேசவைத்து, 'அக்காதான் என் உயிரைக் காப்பாற்றினார்' என்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், "போய் கேட்டுப் பாரு" என்றுதான் சொன்னார். நானும் கூடப் போனேன்.

குழுத்தலைவி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். செயலாளர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அவங்க என்னைத் தூக்கிக்கினு வந்தது நெசம். ஆனா மலையேறி வந்தது என் எழவுக்கு தானே? நான் அத்த மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றார். "முழுசாச் சொல்றதுன்னா சொல்றேன். பாதியச் சொல்லுன்னா முடியாது."

முழுசாகச் சொன்னால் செயலாளரின் கதையும் வெளியே வரும். அவர் அப்படியே திரும்பிவிட்டார். இதைப் போய் அக்காவிடம் சொன்னபோது, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாயமாத்தான் சொல்றாங்க" என்றார்.

சீட்டு ரைஸ் மில்காரருக்குப் போய்விட்டது. வீடியோதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், பணம்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பட்டியல் டிவியில் வந்த நாளில் அக்கா வீட்டு வாசலில் ஒரு செருப்பு இல்லை. நேற்றுவரை காலில் விழுந்தவர்கள் எல்லாம் ரைஸ் மில் வாசலில் நின்றார்கள். கிளைச் செயலாளர் போனை எடுக்கவே இல்லை. அக்கா ஹாலில் டிவியை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் போக மனமில்லாமல், துடைத்த வண்டியையே வெளியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் போல தெருவில் இரண்டு பெண்கள் வந்தார்கள். குழுத்தலைவியும் மகளும். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். குழுத்தலைவி இன்னும் இளைத்துத்தான் இருந்தார், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அக்கா வாசலுக்கு வந்து, நம்ப முடியாமல் நின்றார்.

"இந்த ஒடம்பவச்சிக்கினு எதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்க? இன்னா சமாச்சாரம்?"

"சமாச்சாரம் ஒண்ணும் இல்ல" என்றார் குழுத்தலைவி, மூச்சு வாங்க. "நீங்க உசுரோட இருக்கறப்பவே ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் சோறு பொங்கும் வாசனை வந்தது. பிறகு மூன்று பெண்கள் பேசுகிற சத்தம், நடுநடுவே யாரோ எதையோ திருத்துகிற சத்தம்.

நான் இப்போது மறுபடியும் ஸ்டாண்டில்தான் வண்டி ஓட்டுகிறேன். யாராவது இறந்த செய்தி வந்தால் எப்போதும் போலப் போகிறேன், ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால், சவாரியை விட்டாவது அவர்கள் நம்மிடம் வாய் திறந்து பேசக்கூடிய நாளிலேயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.